பூட்டிய அலுமாரிக்குள் கிடக்கும் ரோபோ



சம்பளமும் கொழுந்து கிலோவும் பேச வேண்டிய இடத்தில் ரோபோவைப் பற்றி என்ன பேச்சு என்று நினைக்க வேண்டாம். அரசாங்கப் பணத்தில் நமது பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய பங்கு எந்த இடத்தில் நின்றுபோகிறது என்பதே இம்மாதத் தலையங்கம்.

நான் படிப்பிக்கும் தோட்டப் பாடசாலைக்கு ஒரு ரோபோப் பெட்டி வந்தது. அதைக் கையளிக்கப் பிரமுகர்கள் வந்தார்கள். பிள்ளைகள் மாலையோடு இரண்டு மணித்தியாலம் வெயிலில் நின்றார்கள். பெயர்ப்பலகை திரைநீக்கம் நடந்தது, படம் பிடித்தார்கள், போய்விட்டார்கள். பெட்டிக்குள் சிறிய கட்டுப்பாட்டுப் பலகைகளும் மோட்டார்களும் உணரிகளும் மின்கலங்களும் ஆங்கிலத்தில் ஒரு கைநூலும் இருந்தன. எந்த ஆசிரியருக்கும் ஒரு நாள் பயிற்சிகூடக் கிடைக்கவில்லை. பாடசாலை விட்ட பிறகு நானும் பிள்ளைகளும் அகராதியை வைத்துக்கொண்டு அந்தக் கைநூலை வாசித்துப் பழகினோம்.

அதில் பத்தாம் தரப் பிள்ளை ஒருத்தி. தாய் கொழுந்து எடுப்பவர். ஒரு நாள் அவள் கேட்டாள்: "டீச்சர், கொழுந்து நிறுக்கிறதுக்கு இதில ஒன்னு செய்ய ஏலுமா? அம்மாவுக்கு ஒவ்வொரு நாளும் ரெண்டு கிலோ கழிக்கிறாங்க. சரியான நிறை என்னன்னு நமக்கே தெரியணும்தானே?"

நிறையை உணரும் சிறு துண்டொன்றைச் சொந்தக் காசில் வாங்கிக் கொடுத்தேன். ஆறு வாரத்தில் பிள்ளைகள் ஒரு தராசைச் செய்துவிட்டார்கள். கடைத் தராசில் நிறுத்த அரிசிப் பையை அதில் வைத்தபோது கிட்டத்தட்ட அதே எண் காட்டியது. அன்றைக்கு அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்கள், தோட்டத்துப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்க மாட்டார்கள்.

மூன்றாம் மாதம் மின்கலங்கள் செத்துப்போயின. ஒரு பலகையும் பழுதானது. எழுதிக் கேட்டோம். ஓர் அலுவலகம், "உங்களுடையது மாகாணப் பாடசாலை, மாகாணத்திடம் கேளுங்கள்" என்றது. மாகாணத்தில் கேட்டால், "கொழும்பு தந்த பொருள், கொழும்பிடம் கேளுங்கள்" என்றார்கள். இன்றைக்குப் பெட்டி அதிபரின் அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது. அந்தப் பிள்ளை சாதாரண தரம் சித்தியடைந்தாள். ஆனால் 2013இல் உயர்தரத்தில் தொடங்கிய தொழில்நுட்பவியல் துறை எங்கள் பாடசாலையில் இல்லை. அது உள்ள பாடசாலைக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். இப்போது அவள் கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள்.

இது ஒரு பாடசாலையின் கதை மட்டுமல்ல. 1987ஆம் ஆண்டின் 13வது திருத்தத்தின் கீழ் நாட்டின் பெரும்பாலான பாடசாலைகள் மாகாண சபைகளிடம் வந்தன. தோட்டப் பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவை அவற்றில் அடங்கும். தேசிய பாடசாலைகள் மட்டும் நேரடியாக அமைச்சின் கீழ் உள்ளன. புதிய கருவி என்றால் கொழும்பு கொடுக்கலாம், படமும் எடுக்கலாம். அதை ஓடவைக்கும் செலவு மாகாணத்தின் தலையில். அந்த மாகாண சபையோ, மத்திய மாகாணத்தில் 2018இல் பதவிக்காலம் முடிந்ததோடு சரி. கேள்வி கேட்க நமக்கு அங்கே ஓர் உறுப்பினர்கூட இல்லாமல் ஆளுநரே நிர்வாகம் நடத்தும் நிலை வந்தது.

இன்னொரு நோய், பெயர்ப்பலகை. மகிந்த ராஜபக்ஷ ஆட்சியில் 1,000 இடைநிலைப் பாடசாலைகளுக்கு ஆய்வுகூடம் கட்டும் திட்டம் வந்தது. மக்கள் பணத்தில் கட்டியவற்றுக்கு 'மகிந்தோதய' என்று பெயர் வைத்தார்கள். 2015இல் ஆட்சி மாறியதும் 'அண்மையிலுள்ள பாடசாலை சிறந்த பாடசாலை' என்றார்கள். அடுத்த ஆட்சி வந்ததும் 1,000 தேசிய பாடசாலைகள் என்றார்கள். ஒவ்வொரு ஆட்சியும் புதிதாக ஒன்றைத் திறக்கவே விரும்புகிறது. முந்தைய ஆட்சி திறந்ததற்குக் கூரை ஒழுகினால் யாருக்கும் கவலையில்லை. மின்கலம் வாங்குவதற்குத் திறப்பு விழா வைக்க முடியாதல்லவா?

பக்கத்து நாட்டிலும் அரசியல் உண்டு. இந்திய மத்திய அரசு 2016இல் தொடங்கிய பாடசாலை ஆய்வுகூடங்களுக்கு முன்னாள் பிரதமர் வாஜ்பாயின் பெயரால் 'அடல்' என்று பெயர். ஆனால் அதில் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு பாடசாலைக்கு 20 இலட்சம் இந்திய ரூபாய் வரை கொடுக்கிறார்கள். கருவிகளுக்கு 10 இலட்சம், ஐந்து வருடம் வரை நடத்திச் செல்வதற்கு 10 இலட்சம். பாதிப் பணம் ஓடவைப்பதற்கே. அதிலும் ஒரு குறை உண்டு. இவ்வளவு சதுர அடி இடம் இருந்தால்தான் விண்ணப்பிக்கலாம் என்ற நிபந்தனை, இடமில்லாத ஏழைப் பாடசாலையை வாசலிலேயே நிறுத்திவிடும்.

கேரளம் வேறு வழியில் போனது. 2018இல் 'லிட்டில் கைட்ஸ்' என்ற பெயரில் அரச, அரச உதவிபெறும் பாடசாலைகளில் மாணவர் மன்றங்களை அமைத்தார்கள். விலை கொடுத்து வாங்கத் தேவையில்லாத கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். முதலில் ஆசிரியரைப் பழக்கினார்கள். 2025இல் ரோபோ தொழில்நுட்பத்தைப் பத்தாம் வகுப்புப் பாடநூலிலேயே சேர்த்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய பாடமாக்கினார்கள். மூணாறுத் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளரின் பிள்ளைகள் படிக்கும் மாநிலம் அது. நம்மைப் போன்ற தோட்டத்துப் பிள்ளைக்கு அங்கே அது பாடம், இங்கே அது விழாப் பொருள்.

காசில்லை என்பார்கள். 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்து, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்கக் கேட்டார்கள். அதற்குப் பிறகு வந்த எந்த ஆட்சியிலும் அந்த இலக்கை நாம் எட்டவில்லை. அந்தக் கோரிக்கை பல்கலைக்கழகத்துக்கு மட்டும் உரியதல்ல. 1945இல் இலவசக் கல்வி வந்தபோது நமது பிள்ளைகள் வெளியே நின்றார்கள். 1970களில் அரசு பொறுப்பேற்கத் தொடங்கும்வரை தோட்டப் பாடசாலை துரைமாரின் தயவில் கிடந்தது. அன்று எழுத்தறிவில் பின்தங்கினோம். இன்று தொழில்நுட்பத்தில் அதே கதை நடக்க விடலாமா? கொழுந்து வெட்டும் இயந்திரம் மலைக்கு வந்துவிட்டது. அதைப் பழுதுபார்ப்பவரும் நிறையைக் கணக்கிடுபவரும் யாருடைய பிள்ளையாக இருக்கப் போகிறார்கள்?

நமது பக்கத்துப் பிழையையும் சொல்லத்தான் வேண்டும். பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் ஒரு கணினி வந்தால் போதும் என்று நாமும் பொன்னாடை போர்த்தியிருக்கிறோம். தொழிற்சங்கத் தலைவர்களும் நாடா வெட்டியிருக்கிறார்கள். எந்தச் சங்கம் கொண்டுவந்தது என்று சண்டை பிடித்தோம். அது ஓடுகிறதா என்று அடுத்த வருடம் போய்ப் பார்த்தவர் எத்தனை பேர்? சந்தா கொடுக்கும் தொழிலாளிக்கு அந்தக் கணக்கை நாம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆகவே நமது கோரிக்கைகள் இவை. ஒன்று, கருவி கொடுக்கும் எந்தத் திட்டத்திலும் ஐந்து வருடப் பராமரிப்புப் பணத்தைச் சேர்த்தே ஒதுக்க வேண்டும். இரண்டு, கருவி வருமுன் தமிழ் மொழி மூல ஆசிரியருக்குப் பயிற்சியும் தமிழில் கைநூலும் வர வேண்டும். மூன்று, தோட்டப் பிள்ளைகள் ஒரே பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில் தொழில்நுட்பவியல் துறை உள்ள தமிழ்ப் பாடசாலை வேண்டும். நான்கு, மக்கள் பணத்தில் வந்த பொருளில் எந்த அரசியல்வாதியின் பெயரும் வேண்டாம். நமது தலைவர்களின் பெயரும் வேண்டாம்.

தோட்டத் தலைவர்மாருக்கு ஒரு வேலை. அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு அரை நாள் பேர் போனாலும் பரவாயில்லை என்று போங்கள். அலுமாரியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். என்ன வந்தது, எப்போது வந்தது, எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று ஒரு தாளில் எழுதி மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். எல்லாத் தோட்டங்களின் தாள்களையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டு அமைச்சுக்கும் ஆளுநரிடமும் போவோம். ஒரே மேசையில் இருவரையும் உட்காரவைத்துக் கேட்போம்.

அந்தப் பிள்ளை செய்த தராசு இன்னும் பெட்டிக்குள்தான் இருக்கிறது. மின்கலம் போட்டால் நிறுக்கும்.