கார்டு மாறிடுச்சு, டிராயிங் மாறலையே!

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபது வருடப் பழைய மெஷின் ஓடும் கம்பெனி ஒன்றில், மெஷினை ஒட்டி நிற்கும் கண்ட்ரோல் பேனலின் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். கதவின் உள்பக்கம் ஒரு பை இருக்கும். பைக்குள் எண்ணெய்க் கறை படிந்த டிராயிங் இருக்கும் (இருந்தால் அதிர்ஷ்டம்). பல இடங்களில் டிராயிங்கில் இருப்பது ஒரு பி.எல்.சி, பேனலுக்குள் இருப்பது வேறொரு பி.எல்.சி. நடுவில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். காகிதத்துக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

இது என்ன பெரிய விஷயம் என்று காமர்ஸ் படிக்கும் நண்பர்கள் கேட்கலாம். எலெக்ட்ரிக்கல்காரர்கள் பாடு என்று விட்டுவிடவும் தோன்றும். அங்கேதான் தப்பு. இந்த வியாதி ஒயரில் பிறக்கவில்லை, பர்ச்சேஸ் ஆர்டரில் பிறக்கிறது.

முதலில் பி.எல்.சி என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். அந்தக் காலத்து மெஷின்களில் மூளை வேலை பார்த்தது ரிலேக்கள். நூற்றுக்கணக்கில் வரிசையாக நின்று டக் டக் என்று அடிக்கும். மெஷினின் வேலையை மாற்ற வேண்டுமானால் ஒயரையே பிரித்து மறுபடி கட்ட வேண்டும். 1968ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி இதற்கு ஒரு மாற்று வேண்டும் என்று கேட்டது. பதிலாக வந்ததுதான் டிக் மோர்லி குழுவினரின் மோடிகான் 084. ஒயர் மாற்றாமல் புரோகிராமை மட்டும் மாற்றினால் போதும். உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

ஆனால் இதில் ஒரு சங்கதி இருக்கிறது. ரிலே காலத்தில் டிராயிங்கைப் பார்த்தால் மெஷின் எப்படி யோசிக்கிறது என்பது மொத்தமும் தெரியும். பி.எல்.சி வந்தபிறகு யோசனை கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. எந்த சென்சார் எந்த ஒயர் வழியாக எந்தக் கார்டின் எந்தக் காலுக்கு வருகிறது என்பது மட்டும்தான் காகிதத்தில் மிச்சம். அந்த மிச்சமும் பொய்யாகிவிட்டால்?

சரி, கார்டை எதற்கு மாற்றுகிறார்கள்? பழசாகிறது என்பது ஒரு காரணம். சீமென்ஸ் கம்பெனியின் எஸ்5 வந்தது 1979ல். 1990களின் நடுவில் அதன் இடத்துக்கு எஸ்7-300 வந்தது. 2012ல் எஸ்7-1500ஐ அறிமுகம் செய்தார்கள், இப்போது 300ம் ஓய்வுபெறும் வரிசையில். கம்பெனிச் சட்டம் 2013ன் இரண்டாம் அட்டவணை சாதாரண இயந்திரத்துக்கு 15 வருட ஆயுள் போடுகிறது. நம்மூரில் மெஷின் அதைத் தாண்டியும் ஓடும், தேய்மானம் முழுதும் எழுதி முடித்தபிறகும் ஓடும். அதற்குள் கண்ட்ரோலர் ஒரு தலைமுறை மாறிவிடும்.

இன்னொரு காரணம் தட்டுப்பாடு. 2021, 2022ல் உலகம் முழுக்க சிப் கிடைக்காமல் போனபோது பி.எல்.சி கார்டுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டி வந்தது. புரொடக்‌ஷன் நிற்குமா? கையில் கிடைத்த வேறு மாடலை, சில இடங்களில் வேறு பிராண்டையே போட்டார்கள்.

மூன்றாவது காரணம் நம் பகுதிக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். தண்ணீர். 2015 டிசம்பரில் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு மறுபடி வந்து, அம்பத்தூர் எஸ்டேட் தெருக்களிலும் ஷெட்டுகளிலும் நாள்கணக்கில் நின்றது. தண்ணீரில் ஊறிய பேனல் என்றால் ஒரு கார்டு அல்ல, மொத்தமும் பார்க்க வேண்டும். வெள்ளம் வடிந்த மறுநாள் ஒரு எலெக்ட்ரீஷியனுக்கு முதலில் தேவைப்படுவது சரியான டிராயிங். கதவுப் பையில் இருந்ததோ கூழாகியிருக்கும். கூழாகாமல் தப்பியதும் பழைய கார்டின் டிராயிங் என்றால், அதை வைத்து என்ன செய்வது?

"ஒரு கார்டை எடுத்து இன்னொன்றை வைப்பதில் டிராயிங்கில் அப்படி என்ன மாறிவிடும்?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஓர் உதாரணம். எஸ்7-300ன் 16 இன்புட் உள்ள 24 வோல்ட் கார்டில் முதல் சிக்னல் வருவது 2ஆம் நம்பர் பின்னில். 2 முதல் 9 வரை எட்டு, 12 முதல் 19 வரை எட்டு. எஸ்7-1500ன் கார்டில் 1 முதல் 8 வரை, 11 முதல் 18 வரை. அதாவது பதினாறு ஒயரும் ஒவ்வொரு படி நகர்கிறது. பழைய டிராயிங்கை நம்பி 2ஆம் பின்னில் மீட்டரை வைக்கிறவர் பார்ப்பது வேறொரு சென்சாரை. அவர் மேல் தப்பே இல்லை. அவர் படித்த காகிதம்தான் தப்பு.

பின் நம்பரோடு நின்றால்கூடப் பரவாயில்லை. பழைய கார்டின் அவுட்புட் ரிலே வகையாக இருந்தால் 230 வோல்ட் காண்டாக்டர் காயிலை நேரடியாகவே இயக்கலாம். புதிதாகப் போட்டது டிரான்சிஸ்டர் வகை என்றால் 24 வோல்ட், பொதுவாக அரை ஆம்பியர், அவ்வளவுதான். நடுவில் ஒரு சின்ன ரிலே போட்டாக வேண்டும். பேனலில் இடம் இருக்கும் மூலையில் அதைப் போடுகிறார்கள். அந்த ரிலேக்கு 230 வோல்ட் எங்கிருந்து எடுத்தார்கள்? கைக்கு எட்டியது பக்கத்து பேனலாக இருந்தால் அங்கிருந்து. டிராயிங்கில் அந்த ரிலேயும் கிடையாது, அந்த ஒயரும் கிடையாது.

ஐந்து வருடம் கழித்து நைட் ஷிஃப்டில் மெஷின் நிற்கிறது. புதிதாகச் சேர்ந்த காண்டிராக்ட் பையன் டிராயிங் பார்க்கிறான், மெயினை ஆஃப் செய்கிறான், முறைப்படி எல்லாம் சரி. பிறகு கையை உள்ளே விடுகிறான். பக்கத்து பேனல் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஒரு ஒயரில் மட்டும் 230 வோல்ட் உயிரோடு இருக்கிறது. ஒயரைத் தொடுமுன் டெஸ்டர் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் பையன் செத்தால் அறிக்கையில் "கவனக்குறைவு" என்று எழுதிவிடுவார்கள். டிராயிங்கைத் திருத்தாதவர்களின் கவனக்குறைவு எந்த அறிக்கையில் வரும்?

"எங்க எலெக்ட்ரீஷியனுக்கு எல்லாம் அத்துப்படி சார், டிராயிங்கே வேண்டாம்" என்று பெருமையாகச் சொல்லும் முதலாளிகள் திருமழிசையிலும் உண்டு, பட்டரவாக்கத்திலும் உண்டு. அந்த அண்ணனுக்கு வயதாகும், ஊருக்குப் போவார், ஆயிரம் ரூபாய் சேர்த்துக் கொடுத்தால் பக்கத்து ஷெட்டுக்கே போவார். ஒரு கம்பெனியின் சொத்தை ஒருவர் மண்டைக்குள் வைத்துவிட்டு அவருக்குக் காண்டிராக்ட் சம்பளம் கொடுப்பது என்ன வகை நிர்வாகமோ!

"புரோகிராமில் எல்லாம் இருக்கிறது" என்பது அடுத்த சால்ஜாப்பு. புரோகிராமில் சிக்னலின் பெயர் இருக்கலாம். ஒயர் எந்த டெர்மினல் வழியாக எந்த ஜங்ஷன் பாக்ஸுக்குப் போகிறது என்பது அதில் இருக்காது. தவிர, அந்தப் புரோகிராமே பல இடங்களில் மாற்றிக்கொடுத்த இன்ஜினியரின் லேப்டாப்பில் அல்லவா இருக்கிறது?

சாஃப்ட்வேர் விற்பவர்கள் வேறு கதை சொல்வார்கள். இ-பிளான், ஆட்டோகேட் எலெக்ட்ரிக்கல் எல்லாம் நல்ல கருவிகள்தான். பார்ட் நம்பரை மாற்றினால் பொருள் பட்டியல் மாறிவிடும். ஆனால் புதுக் கார்டின் பின் அமைப்பு வேறு என்றால் ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு மனிதர் உட்கார்ந்து பார்த்தே ஆக வேண்டும். அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். அந்த நாள்களுக்குக் காசு யார் கொடுப்பது? கேள்வியே அதுதான்.

ஒரு சாதாரண பர்ச்சேஸ் ஆர்டரைப் பாருங்கள். பி.எல்.சி சப்ளை, புரோகிராமிங், இன்ஸ்டலேஷன், கமிஷனிங். மூன்று கொட்டேஷன் வாங்கி, குறைந்த விலைக்காரருக்குக் கொடுப்பார்கள். திருத்திய டிராயிங் என்று ஒரு வரி இருக்காது. இருந்தாலும் பேரம் பேசும்போது முதலில் வெட்டுப்படுவது அதுதான். ஏனென்றால் அது இல்லாமலும் மெஷின் மறுநாள் ஓடும். கணக்குப் புத்தகத்தில் கார்டுக்கு இடம் இருக்கிறது, வேலைக்கு வந்தவரின் டீச்செலவுக்குக்கூட இடம் இருக்கிறது. டிராயிங் இல்லாததால் பின்னொரு நாள் எட்டு மணி நேரம் மெஷின் நிற்குமே, அந்த நஷ்டம் எந்தத் தலைப்பிலும் வராது. "பிரேக்டவுன்" என்று போர்டில் எழுதி அழித்துவிடுவார்கள்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. கார் கம்பெனிகளுக்குப் பாகம் சப்ளை செய்யும் தொழிற்சாலைகள் இங்கே நிறைய. வரவேற்பறையில் ஐஏடிஎஃப் 16949 சான்றிதழ் பிரேம் போட்டுத் தொங்கும். செய்யும் பாகத்தின் டிராயிங்கில் ஒரு துளையின் அளவு அணுவளவு மாறினாலும் ரிவிஷன் நம்பர் மாறும், பழைய பிரதியைத் திரும்ப வாங்குவார்கள், கையெழுத்து வாங்குவார்கள். அந்தத் துளையைப் போடும் மெஷினின் டிராயிங்கோ வாங்கிய வருடத்திலேயே நிற்கிறது. திருத்தம் வைத்துக்கொள்ளத் தெரியாதவர்கள் என்று இவர்களைச் சொல்லவே முடியாது. கஸ்டமர் கேட்டால் செய்கிறார்கள். தங்கள் தொழிலாளிக்காகச் செய்வதில்லை.

ஆகக்கூடிய வேலை ஒன்றும் மலையைப் புரட்டுவதில்லை. ஆர்டரில் டிராயிங்குக்குத் தனி வரி, தனி விலை. கடைசி பத்து சதவீதப் பணத்தை அது வரும்வரை நிறுத்தி வையுங்கள். பிடிஎஃப் மட்டும் போதாது, திருத்தக்கூடிய மூலக் கோப்பும் வேண்டும். "அது எங்கள் டிசைன், தர முடியாது" என்று வெண்டர் சொன்னால் ஆர்டர் கொடுக்கும் முன்பே சொல்லட்டும், வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம். வந்த டிராயிங்கை பேனலோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் வாங்கிக்கொள்ளவும் கூடாது. ஒருவர் ஒயரைத் தொட்டுப் படிக்க, இன்னொருவர் காகிதத்தில் டிக் அடிக்க வேண்டியதுதான்.

ஏற்கெனவே மாறிப்போன பழைய பேனல்களுக்கு? அம்பத்தூரில் அரசு ஐடிஐ இருக்கிறது, ஆவடியில் முருகப்பா பாலிடெக்னிக் இருக்கிறது. அப்ரெண்டிஸ் சட்டம் 1961லிருந்தே இருக்கிறது. பயிற்சிக்கு வரும் பையன்களையும் பெண்களையும் டீ வாங்கவும் தரை கூட்டவும் அனுப்புவதற்குப் பதில், ஒரு சீனியரை மேற்பார்வைக்கு வைத்து, மெஷின் நிற்கும் ஞாயிற்றுக்கிழமையில், மெயினை ஆஃப் செய்து டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு சிவப்புப் பேனாவும் டிராயிங் நகலும் கொடுத்து உட்கார வைக்கலாம். எந்தெந்தப் பக்கத்து பேனலிலிருந்து ஒயர் வருகிறது என்பதை முதல் ஞாயிற்றுக்கிழமையே தேடச் சொல்லுங்கள். பின் நம்பரெல்லாம் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.