தேய்வதற்கென்றே ஒரு தட்டு

ஓடாத பழைய பொறியைக் கண்டதும், "இனி இது பழைய இரும்புக்குத்தான் உதவும்" என்று தீர்ப்புக் கூறிவிடுவது நம்மிற் பலருக்கு வழக்கம். பழைய உருளைப் புல்வெட்டியும் இத் தீர்ப்புக்கு ஆளாவதுண்டு. எஞ்சின் முழங்குகின்றது, பொறியோ நகர மறுக்கின்றது. இத்தகைய வேளையில் எஞ்சினையும் அலகுகளையும் ஐயுறுமுன், இரண்டுக்கும் இடையே நின்று தொண்டு செய்யும் கிளச்சை நாம் நோக்குதல் வேண்டும்.

உருளைப் புல்வெட்டியின் தாயகம் இங்கிலாந்து. ஸ்ட்ரவுட் என்னும் ஊரினரான எட்வின் பட்டிங், கம்பளித் துணியின் மேல் நீட்டிநிற்கும் மயிரைக் கத்தரிக்கும் ஆலைப் பொறியைக் கண்டு, அம்முறை புல்லுக்கும் ஏற்குமெனத் துணிந்தார். 1830 ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றார். அப்பொறியை மனிதர் தள்ளினர். பின்னர் வந்த பெரியவற்றைக் குதிரைகள் இழுத்தன. 1902 இல் இப்ஸ்விச் நகரத்து ரான்சம்ஸ் நிறுவனத்தார் பெற்றோல் எஞ்சின் பூட்டிய புல்வெட்டியை விற்பனைக்குக் கொணர்ந்தனர். தள்ளுபவன் நின்றால் பொறியும் நிற்கும். எஞ்சினோ ஓயாது சுழல்வது. ஆகவே அதன் ஆற்றலை வேண்டும்போது சேர்க்கவும் வேண்டாதபோது பிரிக்கவும் கிளச்சு தேவைப்பட்டது.

மோட்டார் வாகனத்திற் போலவே, தட்டுக் கிளச்சில் உராய்வுப் பொருள் பதித்த தட்டை உருக்குத் தட்டுடன் விற்சுருள்கள் அழுத்திப் பிடிக்கின்றன. அழுத்தம் உள்ளவரை இரண்டும் ஒன்றாய்ச் சுழலும்; நெம்புகோலால் அழுத்தத்தை நீக்கினால் பிரியும்.

இதற்கு வரும் நோய்கள் இரண்டு. ஒன்று வழுக்கல்: உராய்வுப் பொருள் தேய்ந்தாலோ, அதில் எண்ணெய் ஊறினாலோ, வில் தளர்ந்தாலோ, கம்பி வடம் அளவுக்கு மீறி இறுகியிருந்தாலோ இது நேரும். மற்றது பிரியாமை: நெடுநாட் கிடந்த பொறியில் தட்டுகள் துருவால் ஒட்டிக்கொள்ளும். இதுவே அச்சத்திற்குரியது. அலகு நின்றுவிட்டதென்று நம்பிச் சிக்கிய புல்லை எடுக்க நீட்டிய கையின் விரல் போய்விடக்கூடும்.

எனவே திருத்தத் தொடங்குமுன் பிளக்கின் கம்பியைக் கழற்றிவிடுக. முதலில் வடத்தைச் சரிசெய்து பார்க்க. சில வேளை அதனாலேயே குறை நீங்கும். நீங்காவிடின், உறுப்புகளைக் கழற்றும் ஒழுங்கிலேயே தாளில் வரைந்து வைத்துக்கொள்க. பழைய உராய்வுப் பொருளில் அஸ்பெஸ்டஸ் என்னும் கல்நார் கலந்திருக்கக்கூடும். அதன் தூசி நுரையீரலுக்குக் கொடிய நஞ்சு. ஆதலால் அத்தூசியை ஊதுதலும், உலர்ந்தபடி அரத்தாளால் தேய்த்தலும் ஆகா. ஈரத் துணியால் துடைத்து, அத்துணியைப் பையிலிட்டுக் கட்டி அகற்றுக. ஐயமிருப்பின் அறிந்த கம்மியரிடம் ஒப்படைப்பதே நன்று.

உருக்குத் தட்டைத் தட்டையான கண்ணாடிமேல் வைத்துப் பார்த்தால் அதன் வளைவு புலப்படும். விற்சுருள்களை அருகருகே நிறுத்தினால் குறுகியது எதுவென்பது தெரியும். எண்ணெய் ஊறிய உராய்வுப் பொருளை மாற்றுவதே தக்கது. பூட்டியபின் நெம்புகோலிற் சிறிது தளர்வு விடுக. தளர்வின்றேல் புதிய தட்டும் விரைவில் தேயும். தாங்கிகளுக்கு இடும் எண்ணெய் தட்டிற் படாதிருக்கட்டும்.

மாணவர்கள் இதிற் கருதவேண்டியது ஒன்றுண்டு. அலகுகளிடையே கல்லொன்று சிக்கும்போது, கிளச்சு வழுக்கிச் சங்கிலியையும் பற்சில்லையும் காக்கவல்லது. விலை குறைந்த உறுப்புத் தேய்ந்து, விலை மிகுந்த உறுப்புகள் நிலைக்கின்றன. தேய்ந்த தட்டு கெட்டுப்போன தட்டன்று. கடமை முடித்த தட்டு. அதனை மாற்றினாற் போதும் என்றிருக்க, பொறி முழுவதையும் எறிந்துவிடுவது சிக்கனமும் அன்று, அறிவும் அன்று. எதனையும் ஒதுக்குமுன், தேய்வதற்கென்றே அதில் வைக்கப்பட்ட உறுப்பு எதுவென்று தேடிப் பார்ப்போமாக.