கார்த்திகைக் கிழங்கின் உறக்கம்

உறைபனியைக் கனவிலும் கண்டறியாத மன்னார்த் தீவின் தாராபுரத்து மணற்றரையில், கிளுவங்கதியாலை இலைநுனியாற் பற்றி ஏறி, வாடைக்காற்றோடு வரும் மழையிலே பூத்து நிற்கவல்ல கார்த்திகைப்பூக் கொடியை, ஐரோப்பியத் தோட்டக்காரர் கண்ணாடி மனைக்குள் வைத்துச் சிசுவைப்போலப் போஷிக்கின்றனர் என்பதைக் கொண்டு, நாமும் அதற்கொரு கூடாரம் எழுப்பவேண்டும் என்று எண்ணுவது சரியன்று.

குளிர்தேசத்தார் கிழங்கை உலர்ந்த மணலிற் பொதிந்து, ஏறத்தாழ 10 பாகை செல்சியசுக்குக் குறையாத இடத்தில் வைத்து, வசந்தத்தில் நட்டுக் கோடையிற் பூக்கக் காண்கின்றனர். அந்த விதிகளில் நாம் கைக்கொள்ளவேண்டியது உஷ்ணமன்று, உலர்ச்சியே. புரட்டாதிக் கடைசியில் நட்ட கிழங்கு கார்த்திகையிற் பூத்து, தைக்குப் பின் கொடி பழுத்துக் காய்ந்ததும், பழைய கிழங்கு சுருங்கி அதனிடத்தில் கவைத்த புதுக்கிழங்கு உருவாகியிருக்கும்; அது சோளகம் வீசும் மாதங்கள் முழுவதும் நீரின்றி உறங்கவேண்டியது. கொடி வாடியதைக் கண்டு இரங்கி நாள்தோறும் தண்ணீர் ஊற்றும் அன்பர்களே அதனை அழுகச்செய்கின்றனர். தீவிலோ நல்ல நீர் மணலில் மெல்லிய படலமாய் உவர்நீரின்மேல் மிதப்பது. கோடையில் மிதமிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும் என்பது கிணறு வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். ஆகவே இச்செடிக்கு அந்நாளில் ஊற்றும் நீர் இரட்டை நஷ்டம்.

பெயரால் நமக்கு உறவான கொங்குநாட்டுத் தாராபுரத்தின் சுற்றுவட்டாரத்தில், மூலனூர் முதலிய ஊர்களில், கண்வலிக்கிழங்கு என்ற பெயரோடு இக்கொடி வயற்பயிராகவே விளங்குகிறது; கீல்வாத மருந்தாகிய கொல்கிசின் அதன் விதையிலிருந்து எடுக்கப்படுவதால், விவசாயிகள் திறந்த வெளியிற் பந்தலிட்டு, பூவுக்குப் பூ கையாலேயே மகரந்தம் சேர்க்கின்றனர். பூவின் சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி மகரந்தப்பைகளை விட்டு விலகிநிற்பதே இவ்வளவு பாடுபடுவதற்குக் காரணம். வண்ணத்துப்பூச்சிகள் புக இடமில்லாத பொலித்தீன் மனையில் காய் எதிர்பார்ப்போர் இதனைச் சிந்திப்பார்களாக.

நாற்றுமேடை நடத்துவோர்க்கு ஒரு விண்ணப்பம். கிழங்கின் முளை அதன் நுனியில் மாத்திரமே இருப்பதால், நுனி ஒடிந்தது முளையாது; பற்றைகளைக் கிளறி அவசரமாய்ப் பிடுங்குகிறவர் கொணர்வதிற் பல இவ்விதம் வீணாகின்றன. விதையிலிருந்து வளர்ப்பது பூக்கச் சில ஆண்டுகள் பிடிக்குமாயினும், காட்டைக் காலிசெய்யாத வழி அதுவே.

செடியின் சர்வாங்கமும் நஞ்சு, கிழங்கோ கொடிய நஞ்சு. வற்றாளையென்றும் வேறு உண்கிழங்கென்றும் எண்ணி உண்டு மாண்டோர் நம் நாட்டில் உண்டு. விற்கும் சாடி ஒவ்வொன்றிலும் அதனைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டுங்கள். உறங்கும் கிழங்கை மணற்பெட்டியில் வைத்தால், அடுக்களைப் பக்கம் அந்தப் பெட்டி வரவே கூடாது.