'கெட்' படுத்தும் பாடு

மும்பையில் ஜூலை மாதம் நம்மவர்களுக்கு வருகிற காய்ச்சல் வேறு எந்த ஊரிலும் வராது. காலையில் குர்லாவில் தண்டவாளத்தின் மேல் தண்ணீர் ஏறும். வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். ஆபீசுக்குக் கிளம்பியவர் பாதி வழியில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் தாராவிக்கே திரும்பி நடப்பார். மறுநாள் அவர் கொடுக்கும் லீவு கடிதத்தில் மழையும் இராது, ரயிலும் இராது. காய்ச்சலால் அவதிப்படுவதால் அலுவலகம் வர இயலவில்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்த அந்தப் பழைய ஆங்கில வாசகம்தான் இருக்கும்!

2005 ஜூலை 26-ந் தேதி சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லி மீட்டர் மழை கொட்டியது. ஊரே ஸ்தம்பித்தது. அப்படிப்பட்ட மழையில் அகப்பட்டவரும் ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால், கை காய்ச்சலை நோக்கித்தான் போகும்.

பொய் சொல்லும் ஆசையா? இல்லை. உண்மையைச் சொல்ல வார்த்தை வரவில்லை.

"நனைந்து விட்டேன்", "வண்டி தாமதமாகி விட்டது", "குர்லாவில் மாட்டிக்கொண்டேன்." இந்த மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே வினைச்சொல் போதும். 'கெட்' என்பது அது. இறந்த காலத்தில் 'காட்' ஆகும். 'ஐ காட் வெட்', 'த டிரெயின் காட் டிலேய்ட்', 'ஐ காட் ஸ்டக் அட் குர்லா' என்று மூன்று வரி எழுதினால் தீர்ந்தது. எந்த அதிகாரியும் புரியவில்லை என்று சொல்ல முடியாது.

ஆனால் நம்மவர்கள் இந்தச் சொல்லைத் தொடவே அஞ்சுகிறார்கள். கோளாறு பள்ளிக்கூடத்தில் ஆரம்பிக்கிறது. கரும்பலகையில் 'கெட் என்றால் பெறு' என்று எழுதிப் போடுவார்கள். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள், அதை மனப்பாடம் செய்ய வேண்டும். 'கெட்' கௌரவமான சொல் அல்ல, 'ரிசீவ்' என்று எழுது, 'அப்டெயின்' என்று எழுது என்று காதைத் திருகும் ஆசிரியர்களும் உண்டு. பையன் வளர்ந்து குமாஸ்தா ஆகிறான். கடிதத்தில் 'அப்டெயின்' போடத் தெரிகிறது. நனைந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை.

இத்தனைக்கும் அந்தச் சொல் ஆங்கிலத்திலேயே வெளியூர்ச் சரக்கு. ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் கடந்து போய் இங்கிலாந்தில் குடியேறியவர்கள் கொண்டு வந்தது. பெறுதல் என்பதே அதன் பழைய பொருள். ஆகுதல் என்ற பொருள் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. இன்று இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. எந்தப் பொருள் எப்போது வெளியே வரும்? பின்னால் வரும் சொல்லைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பின்னால் பெயர்ச்சொல் வந்தால் கிடைத்தது என்று பொருள். 'காட் எ ஜாப்' என்றால் வேலை கிடைத்தது. பின்னால் தன்மையைச் சொல்லும் உரிச்சொல் வந்தால் ஆயிற்று என்று பொருள். 'காட் ரெடி' என்றால் தயாரானார், 'காட் டயர்ட்' என்றால் களைத்துப் போனார்.

இங்கேதான் தமிழர் சறுக்குகிறார். நம்முடைய 'ஆகு' தாராள மனம் படைத்தது. 'தயாரானார்' என்றும் சொல்லலாம், 'மானேஜர் ஆனார்' என்றும் சொல்லலாம். அந்த நினைப்பில் 'ஹி காட் எ மானேஜர்' என்று சொன்னால் என்ன அர்த்தம்? அவருக்கு ஒரு மானேஜர் கிடைத்தார் என்று அர்த்தம். பதவி உயர்வு பெற்ற மனிதர் தலைமேல் இன்னொருவரைக் கொண்டுவந்து உட்கார வைத்தாயிற்று! அந்த இடத்தில் 'பிகேம்' என்று சொல்ல வேண்டும்.

கல்யாணத்தையும் இப்படித்தான் கெடுக்கிறோம். 'எனக்கு மேரேஜ் ஆயிடுச்சு' என்பது வீட்டுப் பேச்சு. அது அப்படியே 'ஐ காட் மேரேஜ்' என்று வெளியே வருகிறது. 'மேரேஜ்' பெயர்ச்சொல். ரேஷன் கடையில் சர்க்கரை கிடைத்தது போல கல்யாணம் கிடைத்ததாக ஆகிறது. 'காட் மேரீட்' என்பதே சரி.

மாற்றல் விஷயத்தில் இன்னும் நுட்பம் இருக்கிறது. 'ஐ காட் எ டிரான்ஸ்பர்' என்றால் மாற்றல் கிடைத்தது. கேட்டு வாங்கியவர் பெரும்பாலும் இப்படித்தான் சொல்வார். 'ஐ காட் டிரான்ஸ்பர்ட்' என்றால் மாற்றப்பட்டேன், யாரோ தூக்கிப் போட்டார்கள் என்ற தொனி வரும். ஊருக்குப் பக்கமாக மாற்றல் கேட்டு ஐந்து வருடம் மனுப் போட்டவரும், ஒரே நாளில் நாக்பூருக்கு அனுப்பப்பட்டவரும் ஒரே வாக்கியத்தை எழுதினால், இரண்டு பேரின் கதையும் ஒன்றாகிவிடுகிறது.

இதைக் கற்க மும்பைத் தமிழருக்கு ஒரு வசதி இருக்கிறது. அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. கடைத்தெருவில் அவர் பேசும் இந்தியே போதும். 'நௌக்ரி மில் கயி', 'லேட் ஹோ கயா', 'சாஹப் பன் கயா.' மூன்று இடத்தில் மூன்று சொல். 'மில்' வரும் இடத்திலும் 'ஹோ கயா' வரும் இடத்திலும் பெரும்பாலும் 'காட்' போடலாம். 'பன் கயா' வரும் இடத்தில் 'பிகேம்' போட வேண்டும். இந்தியில் இந்த வேற்றுமையைத் தினமும் பிசகாமல் பேசுகிறவர், ஆங்கிலத்தில் மட்டும் ஏன் தடுமாற வேண்டும்? கல்யாணம் மட்டும் இந்தக் கணக்குக்கு அடங்காது. 'ஷாதி ஹோ கயி' என்று அவர்களும் பெயர்ச்சொல்லைத்தான் வைக்கிறார்கள்!

தமிழிலேயே இன்னொரு வழிகாட்டி உண்டு. கோபப்படு, அடிபடு, மாட்டுப்படு என்கிறோமே, அந்தப் 'படு' பல இடங்களில் 'கெட்' செய்யும் வேலையையே செய்கிறது. அடித்தான் என்பதற்கும் அடிபட்டான் என்பதற்கும் எவ்வளவு தூரம்! தொழிற்சாலையில் ஒரு விபத்து நடக்கிறது. பக்கத்தில் நின்ற தொழிலாளியிடம் வாக்குமூலம் கேட்கிறார்கள். 'மை பிரண்ட் காட் ஹர்ட்' என்றால் நண்பருக்கு அடிபட்டது. பதற்றத்தில் வார்த்தை இடம் மாறி 'ஐ ஹர்ட் மை பிரண்ட்' என்று எழுதிவிட்டால், அடித்தவரே இவர்தான் என்றாகிவிடும். காகிதத்தில் ஏறிய பிறகு அதை மாற்றுவது லேசான காரியமா? நஷ்ட ஈடு கேட்கப் போகும் இடத்தில் அந்தக் காகிதத்தைத்தான் புரட்டுவார்கள்.

எல்லாவற்றுக்கும் 'கெட்' ஒத்துவராது என்பதும் மெய்தான். பால் கெட்டால் ஆங்கிலத்தில் 'வென்ட் பேட்' என்கிறார்கள். பைத்தியமானால் 'வென்ட் மேட்', தூங்கிப் போனால் 'பெல் அஸ்லீப்.' ஏன் இதற்கு இது என்று கேட்டால் வெள்ளைக்காரரும் விழிப்பார். ஜோடி ஜோடியாகவே காதில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். பால் விஷயத்தில் நமக்குச் சிரமம் இல்லை. 'கெட்டுப் போயிற்று' என்கிறோம். அங்கேயும் போ, இங்கேயும் போ.

ஆங்கிலம் கற்றுத்தர டியூஷன் வகுப்புகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஒரு வினைச்சொல்லுக்கு ஒரு பொருள் என்ற பழைய முறையை அங்கேயாவது கைவிடலாம். 'கெட்' என்று தனியாக எழுதிப்போடுவதில் பிரயோஜனம் இல்லை. 'கெட் வெட்' என்று சொல்லிக்கொடுத்தால் அன்று மாலையே மழையில் உபயோகப்படும். 'ரிசீவ்', 'அப்டெயின்' எல்லாம் சர்க்குலருக்கு இருக்கட்டும்.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. தகப்பன் இப்படித் தட்டுத்தடுமாறி 'ஐ காட் மேரேஜ்' என்று சொன்னால், இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கும் பிள்ளை வாய்விட்டுச் சிரிக்கிறது. அம்மாவும் சேர்ந்து சிரிக்கிறாள். மனிதர் அதற்குப் பிறகு வீட்டில் ஆங்கிலத்தில் வாயைத் திறப்பதில்லை. ஆபீசிலும் திறப்பதில்லை. அதே பிள்ளை மறுநாள் காலை சமையலறையிலிருந்து "பால் ஸ்பாயில் ஆயிடுச்சு" என்று குரல் கொடுக்கிறது. அதற்கு மட்டும் வீட்டில் ஒருவரும் சிரிப்பதில்லை.