தரவு ஆய்வாளர் பணி: எல்லை மலைக்கு எட்டாத முதல் படி

புது தில்லி: பன்னாட்டு நிறுவனங்களின் திறன் மையங்களை ஈர்க்க மத்திய அரசும் தமிழக அரசும் அடுத்தடுத்து அறிவிப்புகளை வெளியிட்டுள்ளன. ஆனால், அந்த மையங்களில் பணியில் சேருவதற்கான முதல் படி, சிற்றூர்ப் பட்டதாரிகளுக்கு எட்டாத உயரத்திலேயே இருக்கிறது. தமிழக - கேரள எல்லையில் உள்ள கம்பம்மெட்டு இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு.

தேனி மாவட்டம் கம்பத்திலிருந்து மலையேறினால் இடுக்கி மாவட்டத்தின் கம்பம்மெட்டு. அதையடுத்துப் பரந்து கிடப்பவை ஏலக்காய்த் தோட்டங்கள். தமிழகத் தொழிலாளர்கள் ஜீப்புகளில் நாள்தோறும் இந்த வழியாகவே தோட்ட வேலைக்குச் சென்று திரும்புகின்றனர். அவர்களின் பிள்ளைகளில் பலர் இன்று பட்டதாரிகள்.

எது தேவை? இந்தப் பட்டதாரிகள் நாடும் வேலைகளில் ஒன்று, ‘பிசினஸ் இன்டலிஜென்ஸ் அனலிஸ்ட்’ எனப்படும் வணிகத் தரவு ஆய்வாளர் பணி. விற்பனை, கொள்முதல், கையிருப்பு விவரங்களைத் திரட்டி, நிர்வாகம் முடிவெடுக்க உதவும் வகையில் தொகுத்துத் தருவதே இதன் சாரம். எக்செல், எஸ்க்யூஎல், பவர் பிஐ ஆகியவற்றில் பயிற்சி வேண்டும். ஆனால், வெறும் அறிக்கை தயாரிக்கும் வேலையைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் சில நிமிடங்களில் முடித்துவிடுவதால், புதியவர்கள் நுழைந்துவந்த வாயில் குறுகி வருகிறது. மென்பொருள் பயிற்சியுடன், தொழிலின் உள்விவரம் அறிந்தவர்களையே நிறுவனங்கள் தேடுகின்றன.

ஊதியத்தில் ஏற்றத்தாழ்வு: அனுபவம் மிக்க ஆய்வாளருக்கு மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் கிடைக்கலாம். ஆனால், பெரிய தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் சேரும் சாதாரணப் பட்டதாரியின் தொடக்க ஊதியம், ஆண்டுக்கு ரூ.3 லட்சம் முதல் ரூ.4 லட்சம் என்ற அளவிலேயே பல ஆண்டுகளாகத் தேங்கி நிற்கிறது. பெங்களூரு, சென்னை, கொச்சியில் வாடகையும் உணவும் போக வீட்டுக்கு அனுப்ப மிஞ்சுவது சொற்பமே.

அரசின் சலுகைகளோ மேல்தட்டையே நோக்குகின்றன. மாத ஊதியம் ரூ.1 லட்சத்துக்கு மேற்பட்ட வேலைகளை உருவாக்கும் திறன் மையங்களுக்கு முதல் ஆண்டில் 30, இரண்டாம் ஆண்டில் 20, மூன்றாம் ஆண்டில் 10 சதவீத ஊதிய மானியத்தை 2024-25 பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்தது. இரண்டாம் நிலை நகரங்களுக்கு இத்தகைய மையங்களைக் கொண்டுசெல்ல தேசிய வழிகாட்டு நெறிமுறை வகுக்கப்படும் என்று 2025-26 மத்திய பட்ஜெட்டில் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். தொடக்க ஊதியக்காரர் இவற்றில் நேரடியாக இடம்பெறவில்லை.

தொலைவே தடை: தொடக்க நிலையினருக்கான திட்டமும் தடுமாறியது. 2024-இல் தொடங்கிய பிரதமரின் தொழில் பயிற்சித் திட்டத்தின் முதல் சுற்றில் 82 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாய்ப்புகள் வழங்கப்பட்டன. ஆனால், பயிற்சியில் சேர்ந்தவர்கள் 9 ஆயிரத்துக்கும் குறைவு. பயிற்சி இடத்தின் தொலைவும் ஓராண்டுக் காலமும் காரணங்களாக நாடாளுமன்றத்தில் கூறப்பட்டன. அப்போது அறிவிக்கப்பட்டிருந்த மாத உதவித்தொகை ரூ.5 ஆயிரம். மலைக்கிராமத்து இளைஞர் அதை நம்பிப் பெருநகரில் தங்க முடியாது.

படிப்பு மட்டும் போதாது என்பதற்குக் கேரளமே சான்று. 2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 29 வயதுடையோரிடையே வேலையின்மை நாடு முழுவதும் 10.2 சதவீதமாக இருந்தபோது, கேரளத்தில் அது 29.9 சதவீதமாக இருந்தது.

கைக்கெட்டும் வழி: ஆய்வுக்குரிய தரவு கம்பம்மெட்டுக்கு அருகிலேயே உள்ளது. இடுக்கியின் புற்றடியிலும் தேனியின் போடிநாயக்கனூரிலும் நறுமணப் பொருள் வாரியம் ஏலக்காய் மின்னணு ஏலத்தை நடத்துகிறது. வரத்து, விற்பனை அளவு, அதிகபட்ச விலை, சராசரி விலை ஆகியவை ஏலந்தோறும் வெளியாகின்றன. 2019 ஆகஸ்டில் கிலோ ரூ.7 ஆயிரத்தைத் தொட்ட ஏலக்காய், பின்னர் ரூ.1,000-க்கும் கீழே சரிந்து சிறு விவசாயிகளைக் கடனில் தள்ளியது. விலையின் போக்கை மழை, வரத்து, ஏற்றுமதி விவரங்களோடு ஒப்பிட்டு எச்சரிக்கும் ஆய்வாளர் இங்கு தேவை. ஏலக்காயின் தரத்தைக் கையில் எடுத்தவுடன் சொல்லும் குடும்பத்துப் பிள்ளைக்கு, நிறுவனங்கள் தேடும் உள்விவரம் ஏற்கெனவே உண்டு.

வாரியம் மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. எனவே ஏல மையங்களிலேயே உள்ளூர்ப் பட்டதாரிகளுக்கு ஊதியத்துடன் கூடிய தரவுப் பயிற்சி அளிப்பது மத்திய அரசின் கையில்தான் உள்ளது. 2024 தேர்தலில் தேனியில் திமுகவின் தங்க தமிழ்ச்செல்வனும், இடுக்கியில் காங்கிரஸின் டீன் குரியாகோஸும் வென்றனர். முல்லைப் பெரியாறு விவகாரத்தில் எதிரெதிர் நிலையில் நிற்கும் இந்த இரு தொகுதிகளும் சேர்ந்து குரல் கொடுக்க முடிந்த பிரச்னை இது. வர்த்தகத் துறை மானியக் கோரிக்கைகளை நிலைக்குழு ஆராயும்போது இக்கேள்வி எழுப்பப்பட்டால், அமைச்சகம் பதில் சொல்லியே ஆக வேண்டும்.