ஆயிரம் மடங்கு எதுக்கு பாஸ்?



பரண்ல கிடந்த தாத்தாவோட டிரங்குப் பெட்டி. உள்ளே ஒரு ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய். வருஷம், 1939! ரொம்ப அபூர்வமான காயின். அதனாலேயே இதுல போலியும் ஜாஸ்தி. நிஜமா, டூப்பான்னு பார்க்கணும். பெரிசா ஒரு போட்டோவும் எடுக்கணும். என்ன பண்ணுவீங்க?

பாட்டனி லேப் அண்ணனை காக்கா பிடிச்சு, மைக்ராஸ்கோப்புக்கு அடியில காயினை வைப்பீங்க. என்ன தெரியும்? கும்மிருட்டு!

அதுல வெளிச்சம் கீழேயிருந்துதானே வருது? வெங்காயத் தோல்னா ஊடுருவும், வெள்ளி ரூபாயை எப்படி ஊடுருவும்? சரி, மேலேயிருந்து டார்ச் அடிக்கலாம்னா, 40 எக்ஸ் லென்ஸுக்கும் காயினுக்கும் நடுவுல ஒரு மில்லிமீட்டர்கூட இடம் கிடையாது. லென்ஸ் உரசினா ரெண்டுமே காலி. லேப் அண்ணன்கிட்ட டோஸ் தனி!

அடுத்து கடைக்குப் போவீங்க. அட்டைப்பெட்டியில '1000 எக்ஸ்'னு கொட்டை எழுத்துல போட்ட யூ.எஸ்.பி. மைக்ராஸ்கோப், விலையும் கம்மி. அந்த ஆயிரத்தை நம்பி ஏமாறாதீங்க. பெரும்பாலும் அது படத்தை ஸ்கிரீன்ல இழுத்துப் பெரிசாக்கின கணக்கு. படம் பெரிசாகும், விவரம் கூடாது.

காயினுக்கு 10-லிருந்து 40 மடங்கு போதும். இதுக்குன்னே இருக்கு ஸ்டீரியோ மைக்ராஸ்கோப். வெளிச்சம் மேலேயிருந்து விழும். லென்ஸுக்கும் காயினுக்கும் நடுவுல சுமார் 10 செ.மீ. இடம் இருக்கும். கேமரா மாட்ட மூணாவது குழாய் உள்ள 'டிரைநாகுலர்' மாடல்னா டபுள் ஓகே.

பர்ஸ் இடிக்குதா? யூ.எஸ்.பி.யே வாங்குங்க, தப்பில்லை. ஆனா மூணு விஷயம் பார்த்து வாங்குங்க. ஸ்டாண்ட் ஆடாம நிக்கணும். சென்சரோட நிஜ மெகாபிக்ஸல் என்னன்னு கேளுங்க. லைட்டைக் குறைக்க, அணைக்க வசதி இருக்கணும்.

மூணாவதுதான் மெயின் மேட்டர். லென்ஸைச் சுத்தியிருக்கிற எல்.இ.டி. நேரா அடிச்சா, பளபள காயின்ல வெள்ளைப் புள்ளிகள்தான் தெரியும். அதை அணைச்சிட்டு, டேபிள் லேம்பை ஒரு பக்கமா தாழ்த்தி வைங்க. முன்னால ஒரு டிரேசிங் பேப்பர். இப்போ பாருங்க... மேடு பள்ளம் எல்லாம் நிழலோட எழுந்து நிக்கும்!

வருஷத்தோட கடைசி '9'-ஐ ஃபோகஸ் பண்ணுங்க. சுத்தி சுரண்டின கோடு, ஒட்டின தடம் இருந்தா உஷார். பரப்பு முழுக்க குட்டிக் குட்டிக் குழி இருந்தா, அச்சில ஊத்தி வார்த்த போலியா இருக்கலாம். எடையும் பாருங்க, 11.66 கிராம் பக்கத்துல இருக்கணும். இதெல்லாம் முதல் சோதனைதான். கடைசித் தீர்ப்பை அனுபவசாலி சேகரிப்பாளர்கிட்ட விட்டுடுங்க. அதுவரை பாலிஷ் போட்டுத் தேய்க்காதீங்க ப்ளீஸ், தேய்ச்சா மதிப்பும் சேர்ந்து தேயும்.

முழு காயின் ஒரே ஃப்ரேம்ல வேணுமா? அதுக்கு மைக்ராஸ்கோப்பே வேண்டாம். 10 மடங்குல சாதாரணமா 20 மி.மீ. அகலம்தான் தெரியும், இந்த வெள்ளி ரூபாயோ 30 மி.மீ.க்கு மேல! செல்போன் கேமராவும் அதே டேபிள் லேம்பும் போதும்.

போட்டோ சூப்பரா வந்ததும் 'லட்சம் தர்றோம், முதல்ல கமிஷன் கட்டுங்க'ன்னு யாராவது கூப்பிட்டா, போனை வெச்சிடுங்க. ரிசர்வ் வங்கி பேரைச் சொல்லியே இப்படி மோசடி நடக்குதுன்னு 2021 ஆகஸ்ட்ல அந்த வங்கியே எச்சரிச்சிருக்கு. பழைய காயின் வாங்கி விக்கிற வேலை அதுக்குக் கிடையாது.

எதுவுமே வாங்கக் காசில்லையா? ஒரு 10 எக்ஸ் கைலென்ஸ் போதும், அந்த '9' தெரிஞ்சிடும். டூப்னு தெரிஞ்சா? லட்சம் போச்சு, அவ்வளவுதான். தாத்தா பத்திரமா வெச்சிருந்த காயினாச்சே... பெட்டியிலேயே இருக்கட்டும்!

அடுத்த வாரம் மீட் பண்ணலாமா?