ஒரு படகு போதும்... ஏரிக்கு ஏரி தாவும் சிப்பியை அமெரிக்காவால் தடுக்க முடிகிறதா?

கலிஃபோர்னியா, நெவாடா மாநில எல்லையில் இருக்கும் தாஹோ ஏரிக்கு மோட்டார் படகோடு கிளம்புகிறவர், ஏரியில் இறங்குவதற்கு முன் ஒரு பரிசோதனை நிலையத்தைத் தாண்டியாக வேண்டும். அங்கே ஊழியர் ஒருவர் டார்ச் அடித்துப் படகின் அடிப்பகுதியைப் பார்ப்பார். கையால் தடவியும் பார்ப்பார். உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று ஏதாவது தட்டுப்பட்டால் அன்றைய பிக்னிக் அவ்வளவுதான். எஞ்சினிலும் தொட்டிகளிலும் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்றும் சோதிப்பார். எல்லாம் சரி என்றால் படகையும் அதை இழுத்து வரும் டிரெய்லரையும் ஒரு கம்பியால் பிணைத்து சீல் வைத்துவிடுவார்கள். அந்த சீல், படகு ஏரியில் இறங்கும் நேரத்தில்தான் அறுக்கப்படும்.

2008 முதல் இங்கே இந்தச் சோதனை கட்டாயம். 2025-ல் கெடுபிடி இன்னும் கூடியது. உடையாத தாஹோ சீல் இல்லாத மோட்டார் படகு எதுவாக இருந்தாலும், பார்க்கச் சுத்தமாகவே இருந்தாலும், வெந்நீரால் கழுவிய பிறகுதான் அனுமதி.

இத்தனையும் விரல் நகம் அளவுள்ள ஒரு சிப்பிக்காக.

கப்பலில் வந்து, படகில் பரவியது

கதை 1988-ல் தொடங்குகிறது. அமெரிக்கா, கனடா எல்லையில் இருக்கும் செயின்ட் கிளேர் ஏரியில் ஸீப்ரா மஸ்ஸல் என்ற வரி போட்ட சிப்பி கண்டுபிடிக்கப்பட்டது. கருங்கடல், காஸ்பியன் கடல் பக்கத்து உயிரினம் அது. அட்லாண்டிக்கைத் தாண்டி எப்படி வந்தது? சரக்கு இல்லாமல் வரும் கப்பல்கள் ஆடாமல் இருக்க வயிற்றில் தண்ணீரை நிரப்பிக்கொள்ளும். அடுத்த துறைமுகத்தில் சரக்கு ஏற்றும்போது அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடும். ஒரு கண்டத்தின் தண்ணீர் இன்னொரு கண்டத்தில் கொட்டப்படுகிறது, அதில் இருக்கும் உயிர்களோடு. அடுத்த ஆண்டே ஈரி ஏரியில் அதன் சொந்தக்காரனான குவாகா மஸ்ஸலும் தென்பட்டது.

1989 டிசம்பரில் மிச்சிகன் மாநிலத்தின் மன்றோ நகரம் திடீரென்று குடிநீர் இல்லாமல் தவித்தது. ஏரியிலிருந்து தண்ணீர் எடுக்கும் குழாயின் வாயை சிப்பிகள் அடைத்ததும் அதற்கு ஒரு காரணம். ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி வளர்ந்து, குழாயின் உள்விட்டத்தையே குறைத்துவிடும் குணம் அவற்றுக்கு. நம் வீட்டுக் குழாயில் உப்பு படிவது போலத்தான், ஆனால் இந்தப் படிவு முட்டை போடும்.

அங்கிருந்து மிசிசிப்பி வரை இறங்கியது நீர்வழியாகத்தான். அடுத்து நடந்தது அப்படி அல்ல. 2007 ஜனவரியில் லாஸ் வேகாஸுக்குப் பக்கத்தில் இருக்கும் மீட் ஏரியில் குவாகா மஸ்ஸல் கிடைத்தது. ஹூவர் அணையின் நீர்த்தேக்கம் அது. பெரும் ஏரிகளுக்கும் அதற்கும் இடையே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர், நடுவே ராக்கி மலைத்தொடர். இரண்டையும் இணைக்கும் ஆறு கிடையாது. நெடுஞ்சாலைதான் இருக்கிறது. டிரெய்லரில் ஏற்றி வந்த ஏதோ ஒரு படகுதான் கொண்டு வந்திருக்க வேண்டும் என்பதுதான் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட விளக்கம்.

தண்ணீர் பள்ளத்துக்குத்தான் ஓடும். மேட்டுக்கு அதை எடுத்துப் போவது படகு.

அப்படி என்ன செய்துவிடும்?

ஒரு சிப்பி ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரை வடிகட்டும். ஏரியில் கோடிக்கணக்கில் இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை அவை தின்றுவிட, ஏரி கண்ணாடி மாதிரி தெளிந்துவிடும். இன்ஸ்டாகிராம் போட்டோவுக்கு அருமையாக இருக்கும். ஆனால் அந்த நுண்ணுயிர்கள்தான் மீன்குஞ்சுகளின் சாப்பாடு. மிச்சிகன் ஏரியின் தண்ணீர் தெளியத் தெளிய, பெரிய மீன்களுக்கு இரையாகும் சிறு மீன்கள் குறைந்துகொண்டே வந்தன. வெளிச்சம் ஆழத்துக்கு இறங்குவதால் அடியில் பாசியும் களையும் மண்டுவது தனிக் கதை.

அணை, மின்நிலையம், குடிநீர் வாரியம், பாசனக் கால்வாய் என்று குழாய் இருக்கும் இடமெல்லாம் செலவு. அது ஒருமுறை செலவும் அல்ல. சுரண்டச் சுரண்ட மறுபடி ஒட்டும். ஒரு பெண் சிப்பி ஆண்டுக்குச் சில லட்சம் முதல் பத்து லட்சம் முட்டை வரை இடும் என்பதால் இந்தப் பந்தயத்தில் ஜெயிப்பது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

படகில் எங்கே ஒளிந்திருக்கும்?

அடிப்பகுதியில் கொத்தாக ஒட்டியிருக்கும் சிப்பியைக் கண்டுபிடிப்பது சுலபம். மாதக்கணக்கில் தண்ணீரிலேயே நிற்கும் படகுகளில்தான் அப்படி இருக்கும். சிக்கல், ஒரு நாள் வந்து ஒரு நாளில் திரும்பும் சாதாரணப் படகுகளில். செயின்ட் கிளேர் ஏரியை விட்டு வெளியேறிய படகுகளை ஆய்வு செய்து 2001-ல் வெளியான ஓர் ஆய்வறிக்கை சொன்ன விஷயம் பலரும் எதிர்பார்க்காதது. வளர்ந்த சிப்பிகள் அதிகம் பயணம் செய்தது படகில் ஒட்டிக்கொண்டு அல்ல, டிரெய்லரில் சிக்கிய நீர்த்தாவரங்களில் தொற்றிக்கொண்டு. அதாவது, சக்கரத்தில் மாட்டிய ஒரு கைப்பிடிக் களையை இழுத்துப் போடாததுதான் பிரச்னை.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாதது. முட்டையிலிருந்து வரும் லார்வாக்கள் சில வாரங்கள் தண்ணீரில் மிதந்தபடி இருக்கும். பிடித்த மீனை உயிரோடு வைக்கும் தொட்டி, எஞ்சின் குளிர்விக்கும் குழாய், படகின் அடியில் தேங்கும் நீர் என்று கொஞ்சம் ஈரம் கிடைத்தால் போதும், நாள்கணக்கில் தாக்குப்பிடிக்கும்.

பரிசோதகர்களுக்கு இப்போது பெரிய தலைவலி 'வேக் போட்' எனப்படும் விளையாட்டுப் படகுகள். பின்னால் பெரிய அலை எழும்ப வேண்டும் என்பதற்காகவே தொட்டிகளில் நூற்றுக்கணக்கான லிட்டர் ஏரி நீரை ஏற்றிக்கொள்பவை இவை. பம்ப் போட்டு இறைத்தாலும் அடியில் பல லிட்டர் நின்றுவிடும். கப்பலில் நடந்ததுதான் இங்கே சின்ன சைஸில் மறுபடி நடக்கிறது. தொட்டியை முழுசாகக் காலி செய்ய முடியாதபடி படகை வடிவமைத்து விற்றுவிட்டு, அதைக் கழுவும் பொறுப்பை வாங்கியவர் தலையிலும் அரசு தலையிலும் கட்டுவது என்ன நியாயம் என்ற கேள்வி இன்னும் போதிய அளவுக்குக் கேட்கப்படவில்லை.

மூன்று சொல் மருந்து

கழுவு, வடித்துவிடு, காயவை. அமெரிக்க ஏரிக்கரைகளில் பார்க்கும் போர்டுகளில் எல்லாம் இந்த மூன்று சொற்கள்தான். படகின் வெளிப்புறத்துக்கு 60 டிகிரி செல்சியஸ் வெந்நீர், எஞ்சினுக்கும் தொட்டிக்கும் சுமார் 49 டிகிரி. ரசாயனம் தேவையில்லை, சூடே கொன்றுவிடும். வெந்நீர் இல்லாவிட்டால் காயவிடுவதுதான் வழி. எத்தனை நாள் என்பது வெயிலைப் பொறுத்தது. வறண்ட கோடையில் சில நாள்கள் போதும். குளிர்ந்த, ஈரமான காலத்தில் வளர்ந்த சிப்பி வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

ஆயிரக்கணக்கில் ஏரிகள் உள்ள மினசோட்டா மாநிலத்தில், படகின் அடித்துளை அடைப்பானைக் கழற்றாமல் சாலையில் இழுத்துப் போவதே குற்றம். ஓர் ஏரியிலிருந்து எடுத்த மிதவை மேடையையோ படகு தூக்கியையோ 21 நாள் காயவிட்ட பிறகுதான் இன்னொரு ஏரியில் இறக்கலாம். ஐடஹோ மாநிலத்தில் சாலையோரச் சோதனை நிலையத்தைக் கண்டால் கயாக் வைத்திருப்பவரும் வண்டியை நிறுத்தியாக வேண்டும்.

வந்த பிறகு ஒழிக்க முடியாதா?

முடிந்த இடங்கள் உண்டு, ஆனால் சின்னவை. வர்ஜீனியாவில் மில்புரூக் என்ற கைவிடப்பட்ட கல்குவாரிக் குளத்தில் 2006-ல் பொட்டாசியம் கரைசலை வாரக்கணக்கில் செலுத்தி ஸீப்ரா மஸ்ஸலை அடியோடு ஒழித்தார்கள். நாலு பக்கமும் அடைபட்ட, சுமார் 12 ஏக்கர் குளம் அது. தாஹோவின் ஆழம் மட்டுமே 501 மீட்டர்.

ஓடும் ஆற்றில் முயன்றது ஐடஹோ. 2023 செப்டம்பரில் ட்வின் ஃபால்ஸ் நகரத்தை ஒட்டிய ஸ்நேக் ஆற்றில் குவாகா மஸ்ஸல் உறுதியானதும், படகுத்துறைகளை மூடிவிட்டு அக்டோபரில் ஆற்றில் பத்து நாள் செம்பு மருந்தைச் செலுத்தினார்கள். செலவு சுமார் 30 லட்சம் டாலர். பல டன் மீன்கள் செத்து மிதந்தன. அது நடக்கும் என்று தெரிந்தேதான் செய்தார்கள். காரணம், அந்த ஆறு கொலம்பியா ஆற்றோடு கலக்கிறது. வழிநெடுக நீர்மின் அணைகள், பாசனக் கால்வாய்கள். இவ்வளவுக்குப் பிறகும் 2024 செப்டம்பரில் அதே பகுதியில் மறுபடி தென்பட, மறுபடி மருந்து.

2024-ல் வந்த புது ஆள்

குவாகாவும் ஸீப்ராவும் ஓடு கட்டக் கால்சியம் வேண்டும். மலை ஏரியான தாஹோவில் கால்சியம் குறைவு. அதனால் வந்தாலும் செழிக்காதோ என்ற அரைகுறை ஆறுதல் ஒன்று இருந்தது. 2024 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் துறைமுகத்தில் கோல்டன் மஸ்ஸல் கண்டுபிடிக்கப்பட்டதும் அந்த ஆறுதல் போய்விட்டது. சீனா, தென்கிழக்கு ஆசியப் பக்கத்து இனம். வட அமெரிக்காவில் இதற்கு முன் இல்லை. கால்சியம் குறைந்த நீரிலும் வளரும். 1991-ல் அர்ஜென்டினாவின் ரியோ டி லா பிளாட்டாவில் நுழைந்த அது, பத்தே ஆண்டில் ஆற்றை எதிர்த்து மேலேறி பிரேசில், பராகுவே எல்லையின் இதைப்பு அணையை எட்டியது. அங்கேயும் படகுப் போக்குவரத்துதான் ஏணி.

ஸ்டாக்டன் இருக்கும் டெல்டாப் பகுதியிலிருந்துதான் கலிஃபோர்னியாவின் மாநிலக் கால்வாய்த் திட்டம் சுமார் 2.7 கோடி பேருக்குத் தண்ணீர் அனுப்புகிறது. கால்வாய் வழியே தெற்கே பரவுவதைத் தடுப்பது ரொம்பக் கஷ்டம். மேலே மலை ஏரிகளுக்குப் போகும் வழியை மட்டும்தான் அடைக்க முடியும், ஏனென்றால் அது தார்ச் சாலை. சாக்ரமென்டோ பக்கத்து ஃபோல்சம் ஏரியில் 2025-ல் படகுகளுக்கு 30 நாள் தனிமைக்காலம் கொண்டுவந்தார்கள். முப்பது நாள் வேறெங்கும் இறக்காமல் சீலோடு நிற்க வேண்டும். மீன்பிடி ஆர்வலர்களும் படகுத்துறைக் கடைக்காரர்களும் கொதித்ததில் ஆச்சரியமில்லை. சீசனே சில மாதம்தான்.

அவர்கள் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. சிப்பி இல்லாத ஏரிகள் ஆயிரக்கணக்கில், சிப்பி நிறைந்தவை அவற்றோடு ஒப்பிட்டால் கொஞ்சம். சுத்தமான ஒவ்வொரு ஏரியின் வாசலிலும் காவல் போடுவதைவிட, பாதிக்கப்பட்ட ஏரியின் வெளிவாசலில் எல்லாப் படகையும் கழுவி அனுப்புவது மலிவு. புத்திசாலித்தனமும்கூட. ஆனால் நடைமுறையில் காவலும் செலவும் பெரும்பாலும் நுழைவாயில் பக்கமே குவிகின்றன. காரணம் எளிது. வெளிவாசலில் செலவு செய்யும் ஏரிக்கு எந்த லாபமும் இல்லை, அதற்குத்தான் ஏற்கெனவே சிப்பி வந்துவிட்டதே. லாபம் முழுக்க அடுத்த மாநிலத்து ஏரிக்கு. ஒன்றிய அரசு பணம் போட்டு, எல்லா மாநிலத்துக்கும் ஒரே விதி என்று கட்டாயமாக்காத வரை இந்தக் கணக்கு மாறாது. ஒரு மாநிலத்தின் சோதனைச் சான்றை இன்னொரு மாநிலம் ஏற்காமல் ஒரே படகை மூன்று முறை நிறுத்தும் கொடுமையும் இதனோடு சேர்ந்தது.

நம்ம ஊர்ப் பக்கம்?

எண்ணூர் மீனவர்களிடம் 'காக்கா ஆழி' என்று சொன்னால் போதும். தென் அமெரிக்கக் கடற்கரைகளைச் சேர்ந்த இந்தச் சிப்பி கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்திலும் பழவேற்காட்டுப் பக்கமும் அடிச்சேற்றைப் பாய் விரித்தாற்போல மூடியிருக்கிறது. சேற்றில் புதைந்து வாழும் இறாலுக்கு இடமில்லை, கையால் தடவி இறால் பிடித்தவர்களுக்குப் பிழைப்பும் இல்லை. கப்பல்கள் வழியாக வந்திருக்கலாம் என்பதே சந்தேகம், பசுமைத் தீர்ப்பாயம் வரை விவகாரம் போயிருக்கிறது. இது உவர்நீர்ச் சிப்பி, அதனால் செம்பரம்பாக்கத்துக்கோ மேட்டூருக்கோ இதனால் ஆபத்தில்லை. ஆனால் கழிமுகத்திலிருந்து கழிமுகத்துக்குப் போகும் படகின் அடிப்பலகை, ஈர வலை, நங்கூரக் கயிறு ஆகியவை அதற்கும் வாகனம்தான்.

அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்கள், குறிப்பாக கலிஃபோர்னியாவில் வார இறுதிக்குத் தாஹோ கிளம்பும் ஐடி நண்பர்கள், சொந்தப் படகு இல்லையே என்று நிம்மதியாக இருக்க முடியாது. காற்றடித்த பேடில் போர்டு, கயாக், மீன் பிடிக்கும் பூட்ஸ் எல்லாமே கணக்கில் வரும். முந்தின வாரம் டெல்டாவில் மிதந்த போர்டை ஈரத்தோடு மடித்து காரின் டிக்கியில் போட்டிருந்தால், அதைத் துடைத்து வெயிலில் காயவைக்காமல் மலை ஏறக் கூடாது.